மீம் பெயரில் இருபத்தேழு வரி

கட்டுகஸ்தோட்டை,
12 ஜூன் 1932.

என் பிரியமுள்ள மஹ்மூத் நானாவுக்கு உங்கள் தங்கை ஹபீலா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் வாப்பாவும் சுகம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் போட்ட கார்ட் வந்தது. அதில் நான்கு சொற்கள்தான் இருந்தன. உம்மா அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னதால் எனக்குப் பன்னிரண்டு சொற்கள் வாசித்தது போல் இருந்தது.

இந்தக் கடிதம் வாப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு போய் இரண்டரை வருடமாகிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு நீளக் கவர் வந்தது. வாப்பா அதை உடைக்காமல் கடைத் தராசின் படிக்கல்லுக்கு அடியில் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் உள்ளே கொண்டுவந்து, "மகள், இதுல என்ன ஈக்கிதுண்டு வாசிங்க" என்றார். ஏப்ரலில் இருந்து வந்திருக்கும் புதிய வருமான வரி பற்றிய பத்திரம். மார்ச் முப்பத்தோராம் திகதியோடு முடிந்த வருடத்தில் கடைக்கு வந்த வரவு, போன செலவு, மிஞ்சிய இலாபம் எல்லாம் எழுதி, உண்மை என்று கையெழுத்து வைத்து, ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்கு முன் அனுப்ப வேண்டுமாம். கேட்டால் கணக்குப் புத்தகங்களைக் காட்டவும் வேண்டுமாம். தண்டம் என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது.

"எங்கட கணக்கெல்லாம் அரபுத்தமிழ்லதானே ஈக்கிது. தமிழ அரபு எழுத்துல எழுதினா அந்த தொரமாருக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று வாப்பா கேட்டார்.

"தெரியாது வாப்பா."

"அப்ப படிச்சிட்டு வரட்டும்" என்று சிரித்தார். ஆனால் அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கடைத்தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கணக்கு வாசிக்கும்படி இல்லாவிட்டால் வரிக் கந்தோர் உத்தியோகத்தர்கள் கடையின் அகலத்தைப் பார்த்துத் தாங்களாகவே ஒரு தொகை போட்டுவிடுவார்களாம். எங்கள் கடை அகலமானது, உள்ளே இருக்கும் கொக்கோவுக்கோ மிளகுக்கோ விலையில்லை என்பது வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு தொகை போட்டால் சரக்குக் கிட்டங்கியை விற்கத்தான் வேண்டும் என்று வாப்பா உம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

இந்த வீட்டில் அரபுத்தமிழும் இங்கிலீஷும் வாசிக்கத் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். எனக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் கணக்குப் பார்க்கும் ஓடிட்டர் கந்தோரில் வேலை செய்கிறீர்கள். என்ன செய்ய வேண்டுமென்று சொல்லித்தந்தால் நான் செய்வேன். பதிலை அடுத்த வீட்டு அனீஸா சாச்சியின் பெயருக்குப் போடுங்கள்.

பயத்தோடு,
ஹபீலா.


கொழும்பு, கோட்டை,
17 ஜூன் 1932.

தங்கச்சி ஹபீலாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பா கேட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் பயப்படாதே. எங்கள் கந்தோரில் பெரிய தோட்டக் கம்பனிகளின் கணக்கப்பிள்ளைகளே முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த நாட்டில் இதற்கு முன் யாரும் இதைச் செய்ததில்லை.

பெரிய கொப்பி ஒன்று வாங்கு. வாப்பாவின் நாள்வழிப் புத்தகத்தில் உள்ளதை ஒரு வரி விடாமல் அதில் தமிழில் எழுது. வாங்கின சரக்கு, விற்ற சரக்கு, கூலி, வண்டிச் செலவு, வீட்டுக்கு எடுத்தது என்று தனித்தனிப் பத்தி போடு. வீட்டுச் செலவைக் கடைச் செலவில் கலக்காதே, எல்லோரும் செய்கிற பிழை அதுதான். மொத்தம் போட்டதும் என்னைப் போலக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போடு. சரக்கு அனுப்பிய ரயில் துண்டுகள், கொழும்பு வியாபாரிகளின் பில்கள் எல்லாம் அலுமாரிக்கு மேலே உள்ள பிஸ்கட் டின்னில் இருக்கும். திகதிப்படி அடுக்கி நூலில் கோத்து வை. மார்ச் முப்பத்தொன்றில் கிட்டங்கியில் என்ன சரக்கு இருந்தது என்று வாப்பாவிடம் கேள். அவர் மனதில் வைத்திருப்பார்.

இன்னொன்று. வாப்பா பிறைக் கணக்கில் எழுதுகிறவர். கந்தோர் இங்கிலீஷ் மாதம் கேட்கும். பஞ்சாங்கத்தை வைத்து எந்தப் பிறைக்கு எந்தத் திகதி என்று ஒரு பட்டியல் செய்துகொள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: உனக்கு விளங்காத பதிவு வந்தால் ஊகித்து எழுதாதே. விளங்கவில்லை என்று தனித் தாளில் குறித்து வை. கணக்கில் தெரியாது என்று எழுதுவது வெட்கமில்லை.

உம்மாவுக்கு என் ஸலாம்.

மஹ்மூத்.


கட்டுகஸ்தோட்டை,
28 ஜூன் 1932.

அன்பான நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வாசித்து வாசித்து மடிப்பு கிழிந்துவிட்டது. இப்போது நான் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கினதும் முகம் கழுவிவிட்டுக் கொப்பியைத் திறப்பதுதான் வேலை. வாப்பா புத்தகங்களைத் தானாகவே கொண்டுவந்து தந்தார். "கிழிச்சிப் போடாம பாருங்க" என்று மட்டும் சொன்னார். இதெல்லாம் யார் சொல்லித்தந்தது என்று கேட்கவில்லை. கணக்கு மிஸ் என்று நினைத்திருப்பார். நான் பொய் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறைப் பட்டியல் முடிந்தது. துல்கஃதா மாத முதற்பிறை மார்ச் ஒன்பதாம் திகதியில் விழுகிறது. நல்லவேளை, வருடத்துக்குப் பன்னிரண்டு பிறைதான் அகப்பட்டது. பதின்மூன்று வந்துவிடுமோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன்.

வண்டிக்காரர் கறுப்பையா மூட்டை இறக்கிவிட்டுக் கதவடியில் நின்று கேட்டார்: "ஏன் பாப்பா, நான் மூட்ட தூக்குற கூலிக்கும் வரி வருமா?"

"உங்களுக்கு வராது. அவ்வளவு சம்பளம் இல்லை."

"அடடா, வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் குடுங்கன்னு மொதலாளிக்கிட்ட நீயே சொல்லிரு" என்றார். கடையில் இருந்த வாப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "மொதல்ல போன கெழம கிழிச்ச சாக்குக்கு நீ எனக்கு வரி கட்டு" என்றார். நெடுநாளைக்குப் பிறகு வாப்பா சிரித்த சத்தம் கேட்டது.

விளங்காதவை என்று ஒன்பது பதிவுகள் தாளில் குறித்தேன். எட்டை வாப்பாவிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டேன். ஒன்பதாவதை நானே கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு முதற்பிறையிலும் வாப்பா முப்பது ரூபாய் எழுதி, பக்கத்தில் மீம் என்ற ஒற்றை எழுத்துப் போட்டிருக்கிறார். ஹிஜ்ரி 1348 ரமழானில் தொடங்கி இந்த மார்ச் வரை இருபத்தேழு வரிகள். மீம் என்றால் மஸ்ஜித்! வாப்பா யாருக்கும் சொல்லாமல் மாதம் முப்பது ரூபாய் பள்ளிவாசலுக்குக் கொடுத்து வருகிறார். எனக்குக் கண்ணீர் வந்தது. அதைத் தர்மம் என்ற பத்தியில் அழகாக எழுதியிருக்கிறேன். மாதிரிக்கு ஒரு பக்கம் இதோடு வைக்கிறேன், சரிதானே?

இன்னும் அறுபத்துநாலு நாள் இருக்கிறது.

ஹபீலா.


கொழும்பு,
3 ஜூலை 1932.

ஹபீலாவுக்கு,

நீ அனுப்பிய மாதிரிப் பக்கத்தை எங்கள் தலைமைக் கிளாக்கரிடம் காட்டினேன். யார் எழுதியது என்று கேட்டார். தங்கை என்றேன். வேலைக்கு வருவாரா என்று கேட்டார்.

மஸ்ஜித் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. வாப்பா பள்ளிக்கு மாதம் முப்பது ரூபாயா? அந்தக் கடையில் நான் ஆறு வருடம் நின்றேன். கொக்கோ காய வைத்தேன், கொழும்புக்குச் சரக்கோடு வந்தேன், தராசுகூடப் பிடித்தேன். கறுப்பையாவின் கூலி கணக்கில் இருந்தது, மாட்டுக்கு வாங்கிய புண்ணாக்கு இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. "உங்கட கணக்கில என்ட பேருக்கு ஒரு வரி ஈக்கிதா வாப்பா" என்று ஒரு நாள் கேட்டேன். கேட்டது பிழையாக இருக்கலாம், கடையில் ஆட்கள் நிற்கும்போது கேட்டது இன்னும் பிழை. "எனக்கு ஆம்பிளப் புள்ளையே இல்ல" என்று அவர் சொன்னார். அதையும் எல்லோரும் கேட்டார்கள். அன்று இரவு ரயிலில் ஏறினேன். அப்போது உனக்குப் பதினொரு வயது, உன்னை நித்திரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஒரு வரி எழுத மனமில்லாதவர் பள்ளிக்கு எழுதினால் அது நல்லதுதான். ஆனால் அத்தனை பெரிய தொகையைத் தர்மம் என்று எழுதினால் ரசீது எங்கே என்று கந்தோர் கேட்கும். எதற்கும் முதலில் வாப்பாவிடம் கேள். கேட்காமல் ஒன்றும் செய்யாதே.

மஹ்மூத்.


கட்டுகஸ்தோட்டை,
12 ஜூலை 1932.

நானா,

நான் பெரிய பிழை ஒன்று செய்துவிட்டேன்.

வாப்பாவிடம் கேட்கத்தான் இரண்டு தரம் போனேன். கேட்டால், ரசீது வேண்டுமென்று யார் சொன்னதென்று அவர் கேட்பார், உங்கள் பெயர் வெளியே வரும், எல்லாம் நின்றுவிடும் என்று பயந்து திரும்பி வந்தேன். பிறகு நானே பள்ளிவாசல் டிரஸ்டி முஹைதீன் ஹாஜியாருக்குக் கடையின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். மாதம் முப்பது ரூபாய் வீதம் இருபத்தேழு மாதம் தந்ததற்கு ஒரு ரசீது தந்தால் வரிக் கந்தோருக்குக் காட்ட உதவியாயிருக்கும் என்று, மிக மரியாதையாக எழுதினேன். கறுப்பையா பள்ளிப் பக்கம் வண்டி கொண்டு போனபோது கொடுத்தனுப்பினேன்.

அந்தக் கடிதம் பள்ளிவாசலில் பலர் கைக்கு மாறியிருக்கிறது, வாப்பா பள்ளிக்கு மாதம் ஐந்து ரூபாய்தான் கொடுக்கிறாராம். ஒரு மாதமும் முப்பது ரூபாய் வரவில்லையாம். அனீஸா சாச்சி நேற்று வந்து வாப்பாவைப் பற்றி உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஸெய்னுலாப்தீன் மொதலாளி வரிக்குப் பயந்து பள்ளிட பேர்ல பொய்க்கணக்கு எழுதுறாராம் ராத்தா. ஆத்தங்கரையில உடுப்புக் கழுவுற பொம்புளைகளும் அதத்தான் பேசுது."

உம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. கடையில் அவரோடு பேசுகிறவர்கள் இப்போது பாதிப் பேச்சில் நிறுத்துவதை மட்டும் அவர் கவனித்திருக்கிறார் போலிருக்கிறது. தராசைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

இருபது வருடமாக அளவில் ஒருவருக்கும் குறை வைக்காத மனிதர். அவர் பெயரை நான் ஒரு தாளில் கெடுத்துவிட்டேன். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நினைக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்வது நானா? உடனே எழுதுங்கள்.

ஹபீலா.


கட்டுகஸ்தோட்டை,
17 ஜூலை 1932.

நானாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலையே வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொப்பியைக் காட்டி, தர்மப் பத்தியைக் காட்டி, ஹாஜியாருக்கு எழுதியதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கொப்பியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் எப்ப மகள் மஸ்ஜிதுண்டு சொல்லிருக்கேன்? பள்ளிண்டுதானே சொல்றது. பள்ளிக்கு நான் பே எழுத்துப் போட்டு எழுதிருப்பேனே, அஞ்சு ரூவாண்டு."

"அது என் பள்ளிக்கூட ஃபீஸ் என்று நினைத்தேன் வாப்பா."

"ஒங்கட ஃபீஸுக்கு ஹே. ஒங்கட பேருதானே?" என்றார். "கிதாபு படிச்சிப் படிச்சி வீட்டுல பேசுற பாஷ மறந்து போச்சா?"

மீம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எழுந்து விளக்கைப் பெரிதாக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு முஹைதீன் ஹாஜியார் இன்னும் நாலைந்து பேரோடு கடைக்கு வந்தார். நானும் உம்மாவும் உள்கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"ஸெய்னுலாப்தீன், மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க" என்று ஹாஜியார் தொடங்கினார். "பள்ளிட பேரு வந்திட்டுது. சனம் கேக்குது. நான் டிரஸ்டியா ஈந்துகொண்டு பேசாம ஈக்க ஏலாது."

"புத்தகம் ஈக்கிது. பாருங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. ஹாஜியார் அரபுத்தமிழ் நன்றாக வாசிப்பவர்.

"மீம்ண்டு ஈக்கிது. முப்பது. மீம்ண்டா என்ன?"

கூட வந்தவர்களில் ஒருவர், "மிச்சம்ண்டு ஈக்கும், மொதலாளிட மிச்சம்!" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். உம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது.

"அது மஸ்ஜிதும் இல்ல, மிச்சமும் இல்ல" என்றார் வாப்பா. "மஹ்மூத். ஆறு வருஷம் இந்தக் கடையில வேல செஞ்சான். நான் அவனுக்கு ஒரு சதம் எழுதல்ல. அவன் போன மறு பிறையில இருந்து எழுதி வாறேன். சல்லி அந்தப் பொட்டில ஈக்கிது. அவனுக்காக என்ட கையில ஈக்கிற அமானத்து."

பிறகு ஹாஜியார், "எங்களுக்கு முன்னால மகன் இல்லண்டு சொன்ன மனுஷன்தானே நீங்க" என்றார்.

"வாயால சொன்னேன். கணக்குல எழுதல்ல."

ஹாஜியார் புத்தகத்தை மூடி வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, சிரித்த இரண்டு பேரையும் முன்னால் நடக்கச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார்.

நானா, அந்த மீம் நீங்கள்தான். நீங்கள் கேட்ட வரி ஒன்றல்ல, இருபத்தேழு இருக்கிறது. இப்போது கொப்பியில் அதை எந்தப் பத்தியில் எழுத வேண்டும்?

ஹபீலா.


கொழும்பு,
26 ஜூலை 1932.

ஹபீலாவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள். மூன்று தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன்.

கணக்குக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம். எடுத்து வைத்த பணம் கொடுத்த பணம் ஆகாது. எனக்குச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் அது கடைச் செலவு. பெட்டியில் இருக்கும் வரை சட்டத்துக்கு அது வாப்பாவின் பணம். அதைக் கழிக்க முடியாது. இந்த வருடத்துக்குரிய பன்னிரண்டு பிறைக்கு முந்நூற்றறுபது ரூபாயை இலாபத்தில் சேர்த்து எழுது.

மற்றக் கேள்விக்கு, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அந்தச் சல்லி எனக்கு வேண்டாம். நான் அன்றைக்குக் கேட்டது சல்லி இல்லை.

மஹ்மூத்.


கட்டுகஸ்தோட்டை,
9 ஆகஸ்ட் 1932.

அன்பான நானாவுக்கு,

ஸலாம். இன்னும் இருபத்திரண்டு நாள். கொப்பி முடிந்தது, பில்கள் நூலில் கோத்தாயிற்று, கிட்டங்கிச் சரக்கு எழுதியாயிற்று, பத்திரத்தைப் பென்சிலால் நிரப்பினேன். கையெழுத்து மட்டும்தான் வேண்டும். வாப்பா வைக்க மாட்டேன் என்கிறார்.

பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். உங்கள் முந்நூற்றறுபது வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அது என்ட சல்லி இல்ல மகள்."

"சட்டப்படி உங்களுடையதாம் வாப்பா."

"என்ட கையில ஈக்கிது. ஆனா என்ட இல்ல. இதெல்லாம் என்டதுண்டு எழுதி, உண்மைண்டு கையெழுத்து வெக்கச் சொல்றீங்க. அது பொய்யில்லியா?"

"எழுதாமல் விட்டால் மறைத்தது ஆகும்."

"அப்ப எழுதினா பொய், எழுதாட்டி களவு. நல்ல சட்டம்" என்று பேனாவை மூடினார்.

ஒவ்வொரு நாளும் இதே பேச்சுத்தான். பத்திரம் அலுமாரியில் இருக்கிறது. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் பூகோள மிஸ் ஆறுகளின் பெயர் கேட்டபோது நான் ஆகஸ்ட் முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மொத்தத்துக்குக் கீழே நீங்கள் சொல்லித்தந்தபடி சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தேன். வாப்பா அதன் மேல் விரலை வைத்து, "இப்பிடிக் கோடு போட்டு முடிக்கிறது இந்த ஊட்டுல ஒரு ஆள்தான்" என்றார். அனீஸா சாச்சி வீட்டுக்கு எனக்கு வரும் கடிதங்களைப் பற்றி அவருக்கு எப்போதோ தெரியும் போலிருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

நீங்கள் வந்து அந்தச் சல்லியை வாங்கிக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும். வேண்டாமென்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஹபீலா.


கொழும்பு,
15 ஆகஸ்ட் 1932.

ஹபீலாவுக்கு,

இதோடு ஒரு ரசீது வைத்திருக்கிறேன். சம்பளமாக எண்ணூற்றுப் பத்து ரூபாயும் மாதா மாதம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வைத்திருக்கிறேன். இதைக் கொப்பியோடு வை. சட்டத்துக்கு இனி அது கொடுத்த பணம். வாப்பா மனச்சாட்சிக்குக் குறைவில்லாமல் கையெழுத்து வைக்கலாம், கழித்தும் எழுதலாம். சல்லியை அவரே வைத்துக்கொள்ளட்டும். உனக்குப் புத்தகம் வாங்கித் தரட்டும்.

இதோடு என் வேலை முடிந்தது. நீ நன்றாகச் செய்தாய்.

மஹ்மூத்.


கட்டுகஸ்தோட்டை,
21 ஆகஸ்ட் 1932.

அன்புள்ள மஹ்மூத் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் ரசீதை இதோடு திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.

ஒரு நாள் முழுவதும் அதை என் இங்கிலீஷ் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அதை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக இருக்கும் இந்தப் பயம் போய்விடும். ஆனால் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள் நானா. நீங்கள் ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை. விளங்காததை ஊகித்து எழுதியதற்கே இத்தனை பாடு. தெரிந்தே பொய்யாக ஒன்றை என் கொப்பியில் வைக்க என்னால் முடியவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. வாப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் ஸ்டாம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உங்கள் கையெழுத்தை இரண்டரை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறார் அல்லவா, அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு, "வாங்காத சல்லிக்கு ரசீது எழுதுறானா? இதுக்குத்தான் கொழும்புல ஓடிட்டர் கந்தோர்ல ஈக்கிறானா? திருப்பி அனுப்புங்க மகள்" என்றார். நான் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். குறைத்து எழுதினால் அதுவும் பொய்.

அதற்குப் பிறகு அவர் என்ன நினைத்தாரோ, வெள்ளிக்கிழமை முஹைதீன் ஹாஜியாரைக் கடைக்குக் கூப்பிட்டார். தன் நாள்வழிப் புத்தகத்தில், "அரசாங்கப் பத்திரத்தில் என் பணம் என்று காட்டினாலும் இது மஹ்மூதின் அமானத்து, எனக்கு மௌத்து வந்தால் இது வாரிசுச் சொத்தில் சேராது" என்று எழுதினார். இரண்டு சாட்சி வேண்டுமென்று ஹாஜியாரையும் கறுப்பையாவையும் நிற்க வைத்தார். ஹாஜியார் கையெழுத்து வைத்தார். கறுப்பையா பெருவிரல் வைத்துவிட்டு, "இதுக்கெல்லாம் கூலி உண்டா மொதலாளி?" என்று கேட்டார். "வெரல்ல மை ஈக்கிதுதானே, அதுதான் கூலி" என்றார் வாப்பா.

பிறகு என்னிடம் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, முந்நூற்றறுபதையும் சேர்த்தபடியே கையெழுத்து வைத்தார். இப்போது எழுதினாலும் பொய்யில்லை என்றார். புதன்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் நானே கண்டித் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போடுவேன்.

எல்லாம் முடிந்ததும் வாப்பா நாள்வழியைத் திரும்பத் திறந்தார். மீம் கணக்குக்குக் கீழே பற்று எழுதினார். எண்ணூற்றுப் பத்து ரூபாய்க்கு வருமான வரி, நாற்பதில் ஒன்று, இருபது ரூபாய் இருபத்தைந்து சதம். "அவன்ட சல்லிக்கு அவன்தான் வரி கட்டணும். நான் ஏன் கட்ட?" என்றார். அது பிழையான கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

உங்களுக்குச் சேர்ந்தது இப்போது எழுநூற்றெண்பத்தொன்பது ரூபாய் எழுபத்தைந்து சதம். இதைத் தெரிவிப்பது என் கடமை.

உங்கள் தங்கை,
ஹபீலா.


கொழும்பு, கோட்டை,
24 ஆகஸ்ட் 1932.

கட்டுகஸ்தோட்டை, கொக்கோ மிளகு வியாபாரம் ஜனாப் ஸெய்னுலாப்தீன் அவர்களுக்கு.

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ரசீதைக் கிழித்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. ஸ்டாம்புக்குப் போன ஆறு சதத்தை என் கணக்கில் பற்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என் கணக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இருபது ரூபாய் இருபத்தைந்து சதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருமான வரியை ஜகாத் மாதிரி நாற்பதில் ஒன்று போட்டிருக்கிறீர்கள். ஜகாத் மார்க்கம் சொன்ன தர்மம், கையிலிருக்கும் முதலுக்கு. இது அந்த வருட வருமானத்துக்கு மட்டும். 48ஆம், 49ஆம் வருடப் பிறைகளில் பெரும்பகுதிக்கு இந்த வரியே கிடையாது. பன்னிரண்டு பிறைக்கு முந்நூற்றறுபது ரூபாய்தான் சேரும். அதிலும் என் பங்கு எத்தனை என்பதைக் கடையின் மொத்த இலாபத்தோடு வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைக் கடிதத்தில் செய்ய முடியாது. நாள்வழிப் புத்தகத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒருவர் கணக்கில் அவரைக் கேட்காமல் பிழையாகப் பற்று எழுதுவது முறையில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்திரம் இன்று தபாலில் போயிருக்கும், அது சரியாக இருக்கிறது, அதில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. பிழை உங்கள் புத்தகத்தில்தான். அதைத் திருத்த ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று கந்தோரில் சொல்லி ஒரு வாரம் லீவு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மகன்,
மஹ்மூத்.